காதைக் காட்டக் கல்கத்தா போனேன்

சியால்தா நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டதுதான். எஞ்சின் விடும் நீராவி, கூலியாட்களின் கூச்சல், வண்டிக்காரர்களின் சண்டை, யாரோ இரும்புத் தகட்டைத் தரையில் இழுக்கும் சத்தம், எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் கொட்டின. காது மந்தமாகிவிட்டது, வைத்தியரிடம் காட்டிவிட்டு வா என்று அனுப்பப்பட்டவன் நான். இந்தக் கோலத்தில் என்னை எங்கள் அதிகாரி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

நான் தந்தி இலாகாவில் சிக்னலர். திபெத்துக்குப் போகிற வழியில், கணவாயைத் தாண்டி, ஒரு மரம்கூட முளைக்காத உயரத்தில் எங்கள் நிலையம் இருக்கிறது. ஒரு கல்வீடு, அதற்குள் ஒரு கருவி, கருவிக்கு முன்னால் நான். கொஞ்சம் தள்ளி முகாமில் கூர்க்கா சிப்பாய்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷையைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். தமிழில் ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் கோவேறு கழுதைகளிடம்தான் பேசவேண்டும். பேசியுமிருக்கிறேன்.

அந்த உயரத்தில் காது படுகிற பாட்டை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கணவாய் ஏறும்போதே உள்ளே யாரோ பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். எச்சில் விழுங்கினால் 'பட்' என்று திறக்கும், மறுபடி அடைக்கும். மேலே போனபின் அடைப்பு போய்விடும், ஆனால் சத்தங்கள் எல்லாம் இளைத்துப்போயிருக்கும். எதிரே நிற்பவன் பேசுவது பக்கத்து அறையிலிருந்து வருகிறாற்போல் இருக்கும். இன்னொரு கூத்து, சொல் காதில் விழும், அது என்ன சொல் என்று புத்திக்கு எட்ட ஒரு கணம் பிடிக்கும். காற்று நின்றுவிட்டால் கேட்பதெல்லாம் காதுக்குள் சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம்தான். முதல் மாதம் அதைக் கேட்டு, வெளியே யாரோ நடக்கிறார்களென்று கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்.

எங்கள் வேலையே காதை நம்பித்தான். சவுண்டர் என்கிற பித்தளைக் கருவி டக்டக்கென்று தட்டும், குறுகி வந்தால் புள்ளி, நீண்டு வந்தால் கோடு, நாங்கள் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவோம். மேலே அந்தச் சத்தமும் தேய்ந்துவிட்டதால் கருவிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவை முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். தகரம் அதிரும், கொஞ்சம் தெளிவாகக் கேட்கும். அப்படி வைத்துக்கொண்டும் இந்த மழைக்காலத்துக்குப் பிறகு நான் 'திரும்ப அனுப்பு, திரும்ப அனுப்பு' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. காது சரி என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் நாற்காலி உனக்கு, இல்லையென்றால் ஊருக்குப் போ என்றார். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

நிலையத்துக்குத் தாணு அண்ணாச்சி வந்திருந்தார். எங்கள் திருநெல்வேலிக்காரர், தூரத்து உறவு, இங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். குடும்பத்தோடு பாலிகஞ்சில் இருக்கிறார். இருவரும் டிராமில் ஏறினோம். குதிரை இல்லாமல் மின்சாரத்தில் ஓடுகிற வண்டி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் திடீரென்று மணியை அடித்தான். மலைப்பாதையில் மணிச் சத்தம் கேட்டால் கோவேறு கழுதைக் கூட்டம் வருகிறதென்று அர்த்தம். உடனே மலைப்பக்கமாக ஒட்டி நிற்காவிட்டால் மூட்டை இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிடும். பழக்கதோஷம், நான் துள்ளி எழுந்து பக்கத்தில் இருந்த பருத்த வங்காளி கனவான்மேல் போய் ஒட்டிக்கொண்டேன். இவ்வளவு இடம் இருக்கும்போது என் மடிதான் கிடைத்ததா என்று அவர் வங்காளியில் கேட்டதாக அண்ணாச்சி பிறகு சொன்னார். அப்போது அவரால் சொல்ல முடியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மதினி இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சோறு, சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சோறு வெந்திருந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். மேலே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அந்தக் கொதியில் அரிசி வேகாது, பருப்பு கல்லாகவே இருக்கும். நான் பூப்போல வெந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். "என்ன தம்பி பாத்துக்கிட்டே இருக்கீக, இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கிடுங்க" என்றார்கள் மதினி. நன்றாக இருக்கிறதென்று நான் சொன்னேன். நான் சாதாரணமாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. உள்ளே தொட்டிலில் குழந்தை வீரிட்டு அழுதது.

"மெதுவாப் பேசும் வே," என்றார் அண்ணாச்சி. "இது மலை இல்ல, பாலிகஞ்சு. காத்து இங்க தடிப்பாத்தான் இருக்கு."

வீட்டில் பெரிய பிள்ளைகள் இரண்டு. தங்களுக்குள் வங்காளிதான் பேசிக்கொள்கிறார்கள். அப்பா அதட்டினால் தமிழ் வரும், அதுவும் பாதியில் திரும்பி ஓடிவிடும். என்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஏதோ கேட்டார்கள், எனக்குப் புரியவில்லை, கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் விளையாடப் போய்விட்டார்கள். மலையில் ஆளில்லாமல் தனியாக இருந்தது வேறு. வீடு நிறைய மனிதர்களை வைத்துக்கொண்டு, சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்து, யாரும் நம்மோடு பேசமாட்டார்களா என்று ஏங்குவது அதைவிட மோசமாக இருந்தது.

கல்கத்தாவில் என்னோடு பேச ஒருவர் இருந்தார். அதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹரி பாபு என்று பெயர். மலைக் கம்பியின் இந்த முனையில், கல்கத்தா தந்தி ஆபீசில் உட்கார்ந்திருப்பவர். மாலையில் தந்திகள் ஓய்ந்ததும் நாங்கள் கம்பியிலேயே இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். முகம் பார்த்ததில்லை, ஆனால் அவர் கை எனக்குத் தெரியும். தட்டுகிற விதத்தைத்தான் நாங்கள் கை என்போம். குரல்போல ஒவ்வொருவருக்கும் ஒரு கை. ஹரி பாபு ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோட்டையும், விட மனமில்லாதவர்போல் கொஞ்சம் இழுத்துத்தான் விடுவார். கம்பியில் என்னை 'மலை' என்றுதான் கூப்பிடுவார், என் புள்ளிகள் நொண்டுகின்றன என்று கேலி செய்வார். தினமும் முதல் கேள்வி ஒன்றுதான்: 'என்ன கேட்கிறது?' நான் 'ஒன்றுமில்லை' என்பேன். அப்படியானால் நான் சொல்கிறேன் கேள் என்று அவர் ஆரம்பிப்பார். கார்டன் ரீச்சில், ஆற்றங்கரையில் அவர் வீடு. காலையில் எத்தனை கப்பல் ஊதியது, எந்த வீட்டில் பூஜைக்குச் சங்கு ஊதினார்கள், பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் எதற்காகச் சண்டை போட்டார்கள் எல்லாம் வரும். இலிஷ் மீன் பருவத்தில் அதைப் பொரிக்கும் சத்தத்தைக்கூடத் தட்டிக் காட்டுவார். நான் சைவம், மீன் தொடமாட்டேன் என்று சொன்னபோது அவர் இரண்டு நாள் துக்கம் காத்தார்.

அந்தக் கைதான் மழைக்காலத்தில் மாறிப்போனது. ஒருநாள் இழுவை இல்லை. இஸ்திரி போட்ட துணிபோல மொழுமொழுவென்று வந்தது. பெயர் அதே பெயர், 'இனிய மாலை, ஹரி' என்றுதான் முடிந்தது. உடம்பு சுகமா என்று கேட்டேன். சுகம் என்றது. கப்பல் ஊதியதா என்று கேட்டேன். ஊதியது என்றது, அவ்வளவுதான். மின்கலத்தைச் சுத்தம் செய்தேன், கருவியின் வில்லைத் திருகிப் பார்த்தேன், டப்பாவை மாற்றினேன். கருவியில் குறையில்லை. அப்படியானால் கெட்டது என் காதுதான் என்று முடிவு கட்டினேன். நன்றாகத் தெரிந்த கையே தெரியவில்லை என்றால் மற்றதை எப்படி நம்புவது? அதிலிருந்துதான் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன். நடுநடுவே, அவருக்கு என்மேல் சலித்துவிட்டதோ என்றும் தோன்றும். கல்கத்தா வருகிறேன் என்று தட்டியபோது 'நல்லது' என்று ஒரு சொல் வந்தது. வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை.

மறுநாள் அலிப்பூருக்குப் போனேன். காளிகாட் பக்கமாக ஓடுகிற, நாலா என்கிற கால்வாயைத் தாண்டினால் சர்க்கார் கட்டடங்கள், கோர்ட்டு, கறுப்புக் கோட்டு வக்கீல்கள், மரத்தடியில் இளநீர். வைத்தியர் நடுவயதுக்கார வங்காளி, நிதானமானவர். என்னை முதுகு காட்டி நிற்க வைத்துச் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, அதன் டிக்டிக் கேட்கிறதா, இப்போது, இப்போது என்று பின்னாலேயே நடந்துகொண்டு போனார். கதவை எட்டியபிறகும் எனக்குக் கேட்டது. பிறகு இரட்டை முள் போன்ற ஓர் எஃகுக் கவையைத் தட்டி அதிரவிட்டு, நெற்றியில் வைத்தார், காதுக்குப் பின் எலும்பில் வைத்தார். கடைசியில் அறையின் மறு கோடியில் நின்றுகொண்டு ஏதேதோ கிசுகிசுத்தார். எல்லாவற்றையும் அப்படியே திருப்பிச் சொன்னேன்.

என் காதில் ஒரு குறையும் இல்லை என்றார். மேலே காற்று மெலிவு, அதனால் சத்தம் கிளம்பும்போதே மெலிந்து கிளம்புகிறது. மூச்சில் பிராணவாயு குறைவு, அதனால் ரத்தம் இளைத்து, மூளை களைத்துவிடுகிறது. காது கொண்டுவந்து போட்டதை மூளை எடுத்துப் பார்க்கத் தாமதமாகிறது. பலூனில் ஏறுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்களாம், கீழே வந்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலி பிழைத்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தவன், வாசலில் நின்று ஒன்று கேட்டேன். மேலே இருக்கும்போது, தெரிந்தவர் குரல் தெரியாதவர் குரல்போல மாறிக் கேட்குமா?

அவர் எஃகுக் கவையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"மங்கலாகக் கேட்கும். தாமதமாகப் புரியும். ஆனால் ஒருவர் குரல் இன்னொருவர் குரலாக ஆகாது" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். சந்தோஷம் நாலாப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டது. காது சரியென்றால், மழைக்காலத்திலிருந்து என்னோடு பேசிக்கொண்டிருப்பது யார்? இந்தக் காகிதம் வேண்டாம், என் காது கெட்டதாகவே இருக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மதினி அன்றைக்கு எனக்காகப் புளியோதரை செய்திருந்தார்கள். பாதியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் தந்தி ஆபீசில் காகிதத்தைக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, எதற்கும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று கருவி முன்னால் உட்கார வைத்தார். அடுத்த அறையிலிருந்து ஆள் மாற்றி ஆள் அனுப்ப, நான் எழுதிக்கொண்டே போனேன். எத்தனை விதமான கை! ஒருவன் விரட்டினான், ஒருவன் தூங்கினான். தடிப்பான காற்றில் ஒவ்வொரு தட்டும் ஆணி அடித்ததுபோல் விழுந்தது. அப்புறம் அந்தக் கை வந்தது. இஸ்திரி போட்ட கை. என் பேனா நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் குனிந்து பார்ப்பது தெரிந்ததும் மிச்சத்தை எழுதி முடித்தேன். தப்பு ஒன்றுகூட இல்லை, மலைக்குத் திரும்பலாம் என்று அவர் கைகொடுத்தார்.

அடுத்த அறைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான இளைஞன் ஒருவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், ஹரி பாபு மழைக்காலத்தோடு வேலையை விட்டுவிட்டார், காய்ச்சல், அந்த நாற்காலிக்கு நான் வந்தேன் என்று. போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாராம். மேலே ஒருவன் தனியாக இருக்கிறான், மாலையில் அவனுக்கு என் பெயரில் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று. அவர் கையைப்போல இழுத்துப் பார்த்தேன், எனக்கு வரவில்லை என்றான் பாவம்.

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பையன் என்ன செய்வான். கோபமெல்லாம் ஹரி பாபுமேல். என்ன அநியாயம் இது? இவருடைய கருணையால் நான் என் காதையே சந்தேகப்பட்டு, வேலை போகிற வாசல்வரை போய் வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அன்று மாலைவரை அவரிடம் சொல்லவேண்டியதை மனசுக்குள் இங்கிலீஷில் கோத்துக் கோத்து வைத்தேன். வெட்கத்தை விட்டு நான் சொன்னதையெல்லாம் அண்ணாச்சி கேட்டுவிட்டு, "நல்லாத் திட்டிட்டு வாரும். ஆனா போயிட்டு வாரும்" என்றார்.

மறுநாள் மலைக்கு ரயில். அதனால் அன்று மாலையே கிதிர்பூர்வரை டிராமில் போய், அங்கிருந்து கார்டன் ரீச்சுக்குக் குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரன் கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கிவிட்டான், மிச்சத்தை நடந்தேன். ஆற்றைப் பார்த்த சிறிய வீடு. வராந்தாவில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் நின்றபடியே ஆரம்பித்தேன். கோத்து வைத்ததெல்லாம் மலைக்குரலில் வெளியே வந்தது. ஏன் என்னை ஏமாற்றினீர்கள், என் வேலை போயிருந்தால் யார் பொறுப்பு, நான் என்ன குழந்தையா என்று கொட்டித் தீர்த்தேன். அவர் அதே சிரிப்போடு, தலையை ஆட்டிக்கொண்டு, எதிர் நாற்காலியைக் காட்டினார். உள்ளேயிருந்து அவர் மகள் ஓடி வந்தாள்.

"காகா, அப்பாவுக்குக் கேட்காது" என்றாள் இங்கிலீஷில். காகா என்றால் வங்காளியில் சித்தப்பா.

மழைக்காலத்தில் மலேரியா. பிழைக்க வைக்க வைத்தியர் கொயினாவை அள்ளிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் போனது, ஆனால் மருந்தின் வேகத்தில் முதலில் காதில் இரைச்சல் வந்தது, பிறகு அந்த இரைச்சலும் நின்றுவிட்டது. காற்றில்லாத உயரத்தில் கிடந்த எனக்குக் காது இருக்கிறது. ஆற்றங்கரையில், உலகத்துச் சத்தத்துக்கெல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்குப் போய்விட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வந்தது யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிற யாரோ ஒருவருக்குக் காட்டுகிற மரியாதைச் சிரிப்புதான் அது.

என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்தேன். அப்புறம், உள்ளங்கையில் விரலால் தட்டினேன். 'இனிய மாலை' என்றுதான். இரண்டாவது சொல் முடியவில்லை, என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மலை," என்றார், தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் உரத்த குரலில். "உன் புள்ளி இன்னும் நொண்டுகிறது."

அதற்குமேல் திட்டு ஏது. மகள் லுச்சி என்கிற பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் மீன் சமைத்திருந்த வாசனை வந்தது, ஆனால் எனக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குதான். மலையிலிருந்து வருகிறவர் மீன் தொடமாட்டார் என்று அப்பா என்றோ சொல்லி வைத்திருக்கிறாராம். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று தட்டிக் கேட்டேன். அவர் என் கையை விரித்து, பதிலுக்குத் தட்டினார். கோட்டின் கடைசியில் அதே இழுவை. உனக்கு மாலையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்தப் பழைய கேள்வி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

'என்ன கேட்கிறது?'

எனக்குக் கேட்டதையெல்லாம் தட்டினேன். பட்டறையில் சம்மட்டி அடிக்கிறார்கள். படகோட்டி யாரையோ திட்டுகிறான். மூன்றாவது வீட்டில் சங்கு ஊதுகிறார்கள். உங்கள் மகள் சமையலறையில் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கப்பல் ஊதியதா என்று கேட்டார். ஆற்றில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. விளக்கேற்றுகிற நேரம்வரை காத்திருந்தேன், அது ஊதவில்லை. நாளைக்கு நான் மேலே போய்விடுவேன், அவர் இங்கேயே இருப்பார்.

ஊதுகிறது என்று தட்டினேன். நீளமாக, கடைசிக் கோட்டை அவரைப்போலவே இழுத்து.